மயில் தோகை விரித்திருக்கும் நேரம்

முயலின் வளை ஏரிக்கரையில், தண்ணீருக்கு மிக அருகில் இருந்தது. உள்ளே இன்னும் கண் திறக்காத நான்கு குட்டிகள். போன வருஷ மழையில் ஏரி சொல்லாமல் கொள்ளாமல் வழிந்தது. அப்போது முயல் தப்பியது. அதன் குட்டிகள் தப்பவில்லை.

அதனால் இந்த வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வைக்கலாம் என்று விலங்குகள் முடிவு செய்தன. ஏரியில் பன்னிரண்டு ஓடைகள் விழுகின்றன. எல்லா ஓடைத் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஏரி எப்போது வழியும் என்று அது முன்கூட்டியே சொல்ல வேண்டும். எந்தக் கம்ப்யூட்டர் என்று தேர்ந்தெடுக்கும் வேலையை முயலிடமே விட்டன.

இரண்டு பெட்டிகள் வந்தன. மரநாயின் பெட்டியில் 'மின்னல்' பிராசஸர். முள்ளம்பன்றியின் பெட்டியில் 'காளை' பிராசஸர்.

"என்னோடது புது ரக மெமரி. எட்டு ஜிபி. பறக்கும்!" என்றது மரநாய்.

"என்னோடது பழைய ரகம்தான். வேகம் கம்மி. ஆனா பதினாறு ஜிபி" என்றது முள்ளம்பன்றி.

"பழசைத் தூக்கிட்டு வந்துட்டான் பாரு!" என்று குரங்குகள் சிரித்தன.

அந்தக் காட்டில் எல்லாப் போட்டிக்கும் ஒரே அளவுதான். மயில் தோகையை விரித்தால் போட்டி ஆரம்பம். மடக்கினால் முடிந்தது. ஓட்டமோ நீச்சலோ, எதுவானாலும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்கும் அதையே வைத்தன. மரநாய் கொண்டுவந்த, வேகத்தை அளந்து புள்ளி போடும் பெஞ்ச்மார்க்கை இரண்டிலும் ஓடவிட்டன. மயில் விரித்தது. மடக்கியது.

மின்னலுக்கு 9,200 புள்ளி. காளைக்கு 6,100.

"அவ்வளவுதான்! உன் பெட்டியை எடுத்துட்டுப் போ!" என்று முள்ளம்பன்றியிடம் சொன்னது மரநாய்.

உண்மையைச் சொன்னால், முயலுக்கும் மின்னல்தான் பிடித்திருந்தது. ஆனாலும் ஏதோ இடித்தது.

"மயிலண்ணே, நீங்க தோகையை மடக்கினதும் மழையும் நின்னுடுமா?"

மயில் முறைத்தது. "என்ன பேச்சு இது!"

"கோவிச்சுக்காதீங்க. போன வருஷ மழை ஒரு பகல் முழுக்க அடிச்சுது. அன்னிக்கு மணிக்கு மணி வந்த தண்ணிக் கணக்கு நம்ம ஏரி நாரைகிட்ட இருக்கு. அதை ரெண்டுலயும் போட்டுப் பார்ப்போம்."

"பகல் முழுக்கவா? யாரு உட்காருவா?" என்றது ஒரு குரங்கு.

"நான் உட்காருவேன். போறவங்க போங்க."

மரநாயையும் முள்ளம்பன்றியையும் தவிர மற்றதெல்லாம் போய்விட்டன. நாரை அன்றைய கணக்கை, மணிக்கு மணி வந்தபடியே கொடுத்தது.

முதலில் மின்னல்தான் முந்தியது. "பார்த்தியா!" என்று மரநாய் வாலை ஆட்டியது. உச்சி வெயிலில் பெட்டி கொதித்தது. சூடு தாங்காமல் மின்னல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பன்னிரண்டு ஓடைக் கணக்கும் வந்து குவிந்ததும் எட்டு ஜிபி நிரம்பியது. மெமரியில் கொள்ளாததை டிஸ்க்கில் எழுதுவதும் எடுப்பதுமாக மின்னல் தவித்தது. திரை அசையவே இல்லை.

காளை காலையில் போன அதே வேகத்தில் போனது. "இரண்டு மணி நேரத்தில் ஏரி வழியும்" என்று காட்டியது. மூன்று மணி நேரம் கழித்து மின்னலும் அதே பதிலைக் காட்டியது.

"ரெண்டும் ஒரே பதில்தானே!" என்றது மரநாய்.

"பதில் சரிதாண்ணே. ஆனா அது வர்றதுக்குள்ள என் குட்டிங்க செத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்."

முயல் காளையைத் தேர்ந்தெடுத்தது. மின்னலை விளையாட்டு ஆடக் குரங்குகள் எடுத்துக்கொண்டன. அதில் தப்பே இல்லை. அந்த வேலைக்கு அது ஜோர்தான்.

நாலாம் நாள் மழை கொட்டியது. காளை மணி அடித்தது. முயல் ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி மேட்டுக்குக் கொண்டுபோனது. நான்காவதைப் பாறைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, வளை இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

ஊரே கைதட்டும் புள்ளியைப் பார்க்காதே, உனக்கு ஆக வேண்டிய வேலையைக் கொடுத்து, அந்த வேலை முடியும்வரை சோதித்துப் பார்த்த பிறகே எதையும் தேர்ந்தெடு.