நான்காவது இசைத்தட்டு

ஒரு துறைமுக ஊரில், உப்புக் கிடங்கின் மாடியறையில் மூன்று இசைப்பதிவுகள் ஒரே அடுக்கில் குடியிருந்தன. சேர்மக்கனி, அமலி என்ற இரண்டு தோழிகள் உண்டாக்கியவை அவை. மின்கருவிகளையும் வயர்களையும் வைத்துக்கொண்டு இதுவரை உலகத்தில் இல்லாத ஓசைகளைச் செய்வது அவர்கள் வேலை.

மூத்தது கேசட். அதற்குள் வானத்தைக் கீறுகிற கீச்சொலிகள், மணி, முரசு எல்லாம் இருந்தன. அடுத்துப் பிறந்த சிடியில் கீச்சொலி இல்லை, மணியும் முரசும் மட்டும். மூன்றாவதான கறுப்பு இசைத்தட்டில் மணியும் இல்லை, முரசுதான்.

தோழிகள் சேர்ந்து வேலை தொடங்கிய பன்னிரண்டாம் வருடம் நான்காவது வந்தது. வெளியிடுவதற்கு முன் போட்டுப் பார்க்கிற மாதிரித் தட்டு.

"உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டது கேசட்.

"ஓர் உறுமல், அண்ணே. ரொம்பத் தாழ்வாக."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கேசட் சிரித்தது. "பார்த்தீர்களா? ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைகிறது. சரக்குத் தீர்ந்துவிட்டது இவர்களுக்கு."

சிடிக்கும் நெடுநாளாக அந்தச் சந்தேகம் உண்டு.

மூலையில் நின்ற பெரிய ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது. "நான் எல்லா ஒத்திகையும் பார்த்தவன். அமலிக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. முதலில் கீச்சொலி கேட்காமல் போயிற்று, பிறகு மணி, பிறகு முரசு. எந்த ஓசைக்கு அமலியின் முகம் அசையவில்லையோ, அதைச் சேர்மக்கனி அன்றே எடுத்துவிடுவாள். அவளுக்கு எல்லாமே கேட்கும். ஆனாலும் எடுத்துவிடுவாள்."

தங்களிடம் இல்லாதவற்றை அடுக்கிலிருந்த பதிவுகள் முதல்முறையாக எண்ணிப் பார்த்தன.

அப்போது தோழிகள் உள்ளே வந்தார்கள். சேர்மக்கனி நான்காவது தட்டை எடுத்து, துடைத்து, சுழலவிட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அமலி, சேர்மக்கனியின் உதடுகள் தெரியும்படி நேரே நின்றாள். "இதுவும் எனக்கு எட்டலைன்னா நிறுத்திருவோம்ட்டி. எனக்காவ நீ ஒண்ணுமில்லாமப் போவக் கூடாது."

செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரைத் தூக்கி நிறுத்தியிருந்த பலகையின் மேல் ஏறினாள்.

உறுமல் புறப்பட்டது. பலகை நடுங்கியது, அடுக்கு நடுங்கியது. கேசட்டுக்குள் நாடா தானாகச் சிலிர்த்தது. தன் கீச்சொலி எதுவும் இவ்வளவு ஆழத்துக்குப் போனதில்லை என்று அதற்குத் தெரிந்தது.

அமலி கண்ணை மூடியிருந்தாள். வெகுநேரம் அசையவில்லை. சேர்மக்கனி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தாள்.

சட்டென்று அமலி கையைத் தூக்கினாள். "நிறுத்து. இந்த இடத்துல ஒரு அலை பிந்தி வருது."

"பிந்தியா?" சேர்மக்கனி உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். "நூறு தடவை கேட்டுட்டேன். சரியாத்தான இருக்கு."

"இல்லட்டி. பிந்துது."

சேர்மக்கனி ஊசியைப் பின்னுக்கு வைத்து மறுபடி கேட்டாள். ஒன்றும் புலப்படவில்லை. ஹெட்போனைக் கழற்றி, ஊசியை இன்னொரு தடவை பின்னுக்கு வைத்தாள். செருப்பையும் கழற்றிவிட்டு, பலகையில் அமலியின் பக்கத்தில் போய் நின்றாள்.

உள்ளங்கால் வழியாக அந்த இடம் வந்தது.

"ஆமா," என்றாள் சேர்மக்கனி.