செவலை விசாரித்த செருப்புகள்

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டில் ஒரு ஆட்டுக்கிடை இருந்தது. அதைக் காத்து வந்தவள் செவலை என்கிற நாய். தன் குட்டிகளைக் கேட்டு வருகிறவர்களை அவள் நம்புவதேயில்லை. போன ஈற்றில், "பிள்ளை மாதிரி வளர்ப்போம்" என்று சொல்லி வாங்கிப்போன வீட்டில், அவள் மகன் வாசல் கேட்டோரம் இரண்டு முழச் சங்கிலியில் கிடந்ததை அவளே பார்த்திருக்கிறாள்.

ஒருநாள் காலையில் கார் ஒன்று வந்து நின்றது. தவசீலன், அவர் மனைவி எழில், கல்லூரி மகள் மதிவதனி என்று மூவர் இறங்கினார்கள்.

"எங்க வீட்டுல யாரும் சும்மா உக்கார மாட்டோம்ணே. எங்களுக்கு ஈடு கொடுத்து ஓடுற குட்டியா வேணும்" என்றார் தவசீலன்.

கிடைக்காரர் கொண்டல்சாமி சாக்கை விரித்தார். "உக்காருங்க சார். ஆனா செவலை உறுமினா குட்டி கிடையாது. பெத்தவ அவதான்."

மூவரும் காலணிகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். செவலை அவற்றை மோந்து விசாரித்தாள்.

"நெசமாவே ஓடுறாரா?"

"விடியுமுன்னே ஏரிக்கரையில ஆறு கிலோமீட்டர்" என்றது தவசீலனின் ஷூ. அடி தேய்ந்திருந்தது. பொய்யில்லை.

"அந்தம்மாவும் கூட ஓடுவாகளா?"

"இல்ல. அவங்களுக்குச் சாயங்காலம் சைக்கிள், தனியா" என்றது எழிலின் ஷூ.

"மதி பேட்மிண்டன் முடிச்சு வரும்போது ரெண்டு பேரும் தூங்கியிருப்பாங்க" என்றது மகளின் செருப்பு.

செவலையின் காது விறைத்தது. "அப்ப வீட்டுல ஒண்ணா இருக்கறது எப்போ?"

தவசீலனின் ஷூதான் சொன்னது: "நாங்க மூணு ஜோடியும் ஒரே திசையில நடந்தது இன்னைக்குத்தான்."

ஆளுக்கொரு திசையில் ஓடும் வீட்டில் குட்டிக்கு இங்கேயும் சங்கிலிதான் என்று செவலை முடிவுகட்டினாள். தன் குட்டிகளில் பாய்ந்தோடும் கறுப்புக் குட்டியைத் தவசீலன் தூக்கியதும் பல்லைக் காட்டி உறுமினாள்.

"கீழ விடுங்க சார்" என்றார் கொண்டல்சாமி.

மூவரும் எழுந்து காலணிகளை மாட்டும்போது தவசீலனுக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வேலமரத்துப் பக்கம் நடந்தார். எழில் சலித்துப்போய்க் காருக்குத் திரும்பினாள். மகள் படமெடுக்க ஆடுகளிடம் போனாள்.

இதுவரை படுத்திருந்த, செவலையின் இன்னொரு குட்டியான புள்ளிக்குட்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அழுதபடி ஓடித் தவசீலனின் பேண்டைக் கவ்வி இழுத்தது. எழிலை முன்னால் போய் மறித்தது. மதிவதனியின் குதிகாலை முட்டியது. ஒருவரைத் திருப்பினால் இன்னொருவர் நகர்ந்தார். விடாமல் வளைத்து வளைத்து ஓடியது. கடைசியில் மூவரும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

சிதறிய ஆடுகளைத் தான் மடக்குவதுபோலவே குட்டி மடக்கியதைச் செவலை பார்த்தாள். உறுமவில்லை.

"இதையே கொண்டு போங்க சார்" என்றார் கொண்டல்சாமி.

கார்க்கதவு மூடுமுன் செவலை எம்பிக் குட்டியின் காதை நக்கினாள்.

"மூணே உருப்படிதான். ஆனா நம்ம கிடையைவிடக் கஷ்டம். ஒண்ணையும் தவறவிட்டுறாதே."