ஆளில்லாத படம்

மலையடிவாரக் காசநோய் ஆஸ்பத்திரியில் சவரிமுத்து இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவர். எடுக்கத் தெரியும், படிக்கத் தெரியாது. செயற்கை நுண்ணறிவாம், தானே படம் பார்த்து நோய் சொல்லுமாம் என்று ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராக டாக்டர் மெகருன்னிசாவிடம் போய் நின்றார். டாக்டருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

“நேத்து வந்த பெட்டி படிக்குது. நான் படிக்கக் கூடாதா டாக்டரம்மா?”

“உக்காருங்கண்ணே” என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அவர் குரு, இவர் சீடர்.

மூன்று மாதத்தில் படிப்பு ஓரளவு வந்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் செய்ததுதான் யாருக்கும் பிடிபடவில்லை. துடைத்து வைத்த மாதிரி சுத்தமான நெஞ்சுப் படம். குருவும் ஒன்றுமில்லை என்பார், சீடரும் ஒன்றுமில்லை என்பார். திரையில் மட்டும் நூற்றுக்கு ‘நோய் 91’ என்று சிவப்பில் விழும். சளியைச் சோதித்தால், ஐயோ, கிருமி இருக்கும். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. பெருக்க வருகிற ஆயாக்கள் அந்தத் திரையைத் தாண்டும்போது முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

“அதுக்கு எப்படித் தெரியுது டாக்டரம்மா?”

“எனக்கும் தெரியலண்ணே. பார்ப்போம்.”

இது ஒரு பதிலா என்று சவரிமுத்துவுக்குக் கடுப்பாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி ஞானசெல்வம் இருமத் தொடங்கினார். ஒரு மாதமாகியும் நிற்கவில்லை. “சாரல் காத்து, வேறென்ன” என்று சவரிமுத்து எல்லோரிடமும் சொன்னார். சளியைச் சோதிக்கச் சொல்லி டாக்டர் இரண்டு தடவை டப்பா கொடுத்தனுப்பினார். இரண்டும் சவரிமுத்துவின் மேசை டிராயரிலேயே கிடந்தன.

ஒரு புதன்கிழமை காலையில் மனைவியைக் கூட்டிவந்து தன் கையாலேயே படம் எடுத்தார். திரையில் பச்சையில் விழுந்தது. நோய் 3.

குருவிடம் ஓட்டமாக ஓடினார்.

“மூணே மூணு டாக்டரம்மா! இனி சளி டெஸ்ட் எதுக்கு? நம்ம கண்ணுக்குப் படாத ஏழு பேரைப் பிடிச்சது, இவளை விட்டுருமா?”

டாக்டர் படத்தில் நெஞ்சைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார். வலது பக்கம் எது என்று தெரிவதற்காகப் படத்தோடு ஓர் ஈய எழுத்து வைப்பார்கள். அது தோளுக்கு மேலே வெள்ளையாக விழுந்திருந்தது. அந்தப் பழைய ஏழு படங்களையும் எடுத்தார். ஏழிலும் எழுத்து கீழே, இடுப்போரமாகக் கிடந்தது.

“வாங்கண்ணே. ஒரு படம் எடுக்கணும்.”

“யாருக்கு?”

“யாருக்கும் இல்ல. எழுத்தைக் கீழ வச்சுட்டு எடுங்க.”

எக்ஸ்ரே தகட்டுக்கு முன்னால் ஆளில்லை. எழுத்தைக் கீழே ஒட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் சவரிமுத்து, “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றார். சொன்ன பிறகுதான் உடம்பு சிலிர்த்தது.

கன்னங்கரேலென்று ஒரு படம் வந்தது. விலா எலும்பு இல்லை, இதயம் இல்லை. கீழ் மூலையில் அந்த எழுத்து மட்டும்.

நோய் 94.

“மாதாவே! அங்க யாரு டாக்டரம்மா நின்னது?”

“இப்ப எழுத்தை மேல வைங்க.”

வைத்தார். மறுபடியும் வெறும் இருட்டுதான் வந்தது.

நோய் 3.

“நம்ம ஆஸ்பத்திரிப் படங்களைக் காட்டித்தாண்ணே இதுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாங்க. அத்தனையும் நீங்க எடுத்தது. வர்றவங்க இருமலைக் கேட்டு, இது அந்த நோய்தான்னு உங்க மனசுக்குப் பட்டா, எழுத்தைக் கீழ இறக்கிருவீங்க. மேல இருந்தா நுரையீரல் உச்சியை மறைச்சிருமேன்னு.”

“நானா? எனக்கே தெரியாதே அது!”

“இந்தப் பெட்டி பார்த்து வச்சிருக்கு.”

சவரிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெளியே பெஞ்சில் ஞானசெல்வம் இருமினார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பாதியில் உடைந்து, ஈரமாக முடிகிற இருமல். எத்தனையோ பேரிடம் அவர் கேட்ட இருமல்தான். ஒரு மாதமாகப் பக்கத்துப் பாயில் கேட்டதும் அதுவேதான்.

“அப்ப… இவளுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னது யாரு டாக்டரம்மா?”

“நீங்கதாண்ணே.”