பூசணிக்காய் கட்டி வாங்கிய தலையணை

சத்தியம்! சத்தியம்! இதிலே ஒரு சொல் பொய்யாக இருந்தால் விடியும்போது என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். இருப்பது ரெண்டு, அதுவும் ஆடுகிறது. அதனால் சத்தியம் ஆடிப் போகுமா என்ன?

ஒட்டாங்குளத்து மாசானத்தின் பெண்டாட்டி செல்லக்கனிக்கு எட்டு மாசம். மல்லாந்தால் மூச்சு முட்டுகிறது, புரண்டால் இடுப்பு பிடிக்கிறது. பொட்டுத் தூக்கம் இல்லை. அவள் கண் சிவக்கச் சிவக்க, மாசானத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னாள்: "இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க. வயித்துக்கும் முதுகுக்கும் முட்டுக் கொடுக்கிற மாதிரி நீளத் தலையணை விக்கிது. வயித்துப் பிள்ளைக்காரி படுத்துப் பாத்து, ஒத்துக்கிட்டா வாங்குங்க."

வீட்டில் மாசானம், அண்ணன் சுடலைக்கண்ணு, தம்பி வேலாண்டி மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"நானே வாரேன்," என்றாள் செல்லக்கனி.

"பஸ்ஸு குலுங்கும் தாயி, நீ வரப்படாது," என்றான் சுடலைக்கண்ணு.

"அப்பம் படுத்துப் பாக்கிறது யாரு? வயித்துப் பிள்ளைக்காரில்லா படுக்கணும்?" என்றான் மாசானம்.

வேலாண்டி யோசித்தான். "பெரியண்ணனுக்குத்தான் தொப்பை இருக்கே."

"இது பத்து மாசத்தையும் தாண்டினதுலே. அவளுக்கு எட்டுதான். அளவு தப்பிரும்," என்று தொப்பையைத் தடவினான் சுடலைக்கண்ணு.

கடைசியில் கொல்லையில் கிடந்த பூசணிக்காயைச் செல்லக்கனி வயிற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேலாண்டியின் வயிற்றில் துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே சட்டையைப் போட்டார்கள். செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பிரமித்துப் போனாள் என்று மாசானம் நினைத்தான்.

பஸ்ஸில் ஏறியதும் வேலாண்டி பெருமூச்சு விட்டு இடுப்பைப் பிடித்தான். ஒரு பாட்டியம்மா பதறி எழுந்து இடம் கொடுத்தாள். அவன் உட்கார்ந்த பிறகுதான் மீசையைப் பார்த்தாள்.

"இது... எத்தனை மாசம்யா?"

"எட்டு," என்றான் வேலாண்டி, அடக்கமாக.

அடுத்த நிறுத்தத்தில் பாட்டியம்மா இறங்கிவிட்டாள்.

டவுன் கடையில் யானைத் தும்பிக்கை போல வளைந்த தலையணை ஒன்று இருந்தது. அங்கே போட்டிருந்த கட்டிலில் வேலாண்டி இடப்பக்கமாகப் படுத்தான். காய்க்குக் கீழே ஒரு வளைவு, முதுகுக்கு ஒரு வளைவு. மறு நிமிஷம் குறட்டை.

மாசானம் அவனை உலுக்கினான். "எலே, நல்லாத் தூங்குதியா?"

"தூங்கிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"இப்பம்?"

"இப்பம் இல்லை."

"அண்ணே, தலையணை சரியில்லை போலுக்கே!" என்றான் மாசானம்.

திரும்பவும் படுக்கவைத்தார்கள். திரும்பவும் குறட்டை, திரும்பவும் உலுக்கல். கேட்கும்போதெல்லாம் அவன் விழித்துக்கொண்டே இருந்தான்.

"தூங்கும்போதே பதில் சொல்லுலே," என்று அதட்டினான் சுடலைக்கண்ணு.

கடைக்காரர் பார்த்தார். பாதி விலைக்குத் தலையணையை அவர்கள் தோளில் ஏற்றி, கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டார்.

வீடு வந்ததும் செல்லக்கனி படுத்தாள். "அம்மாடி!" என்றாள். கண் சொருகியது. மாசானத்துக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

அப்போது சுடலைக்கண்ணு ஒரு குண்டைப் போட்டான். "எலே, கடையில தூங்கினவனுக்குக் காய் கட்டியிருந்துது. இவளுக்குக் கட்டலையே. இவ தூங்குதது எப்படிச் செல்லும்?"

மூவரும் அவளை எழுப்பினார்கள்.

"மதினி, கொஞ்சம் எழும்புங்க. காய் கட்டணும்."

செல்லக்கனி எழுந்து உட்கார்ந்தாள். விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்தாள். எட்டவில்லை. பிறகு வெகு சாந்தமாகச் சொன்னாள்: "கட்டிக்கிடுதேன். ஆனா காய் பாவம், பஸ்ஸுல அலைஞ்சு வந்திருக்கு. முதல்ல அதைத் தூங்கவச்சுக் கொண்டாங்க. இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கவைக்கணும், ஆமா. யாரும் சத்தம் போடப்படாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. காயைத் தொழுவத்துக்குத் தூக்கிப் போனார்கள்.

"இதுக்கு இடப்பக்கம் எது?" என்று கிசுகிசுத்தான் மாசானம்.

"காம்பு இருக்கிறது தலை."

"இல்லைண்ணே, அது தொப்புள். கொடியில இருந்து அறுத்த இடம்லா?"

தலையென்றால் ஒரு பக்கம் இடம், தொப்புளென்றால் மறுபக்கம் இடம். காயை உருட்டினார்கள், திருப்பினார்கள், தட்டிக்கொடுத்தார்கள், முறை வைத்துத் தாலாட்டினார்கள். அது கண்ணை மூடவே இல்லை. செல்லக்கனியோ வீட்டுக்குள் கோட்டை வாசல் போலக் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைக்கும், அதற்கப்புறம் வந்த நாளெல்லாமும், தும்பிக்கைத் தலையணையைக் கட்டிக்கொண்டு மலைப்பாம்பு மாதிரி தூங்கினாள்.

மாசம் நிறைந்தது. ஒரு காலையில் வீட்டுக்குள் பொம்பளைப் பிள்ளை பிறந்து, தெருவே அதிர 'வீல்' என்று அழுதது.

மாசானம் தொழுவத்திலிருந்து குதிகாலை ஊன்றாமல் ஓடிவந்தான். ஜன்னலில் முகத்தை வைத்து, உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சினான்:

"உஷ்ஷ்! செல்லக்கனி, உம் பிள்ளையைச் சும்மா இருக்கச் சொல்லு. இப்பத்தான் காய் கண்ணசந்துது."

உங்களுக்குக் கோடிப் புண்ணியமாகப் போகும், சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். என் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் அந்தத் தொழுவம். சண்டைக்கு வந்து மூன்று பேரும் கத்தினால், காய் முழித்துக்கொள்ளும்.