கட்டத்துக்கு வெளியே

குருவின் பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்திரண்டு. சீடர் சங்கிலிமுத்துவுக்கு அறுபது நெருங்கிவிட்டது. திருமங்கலத்தில் இப்படியும் ஒரு புகைப்படக் குருகுலம் நடந்தது.

ஒருநாள் அவள் அவரிடம் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைக் கொடுத்தாள். லென்ஸுக்கு மேலே ஓரமாக ஒரு கண்ணாடி ஜன்னல். அதில் பார்த்தால் வெள்ளைக் கோட்டில் ஒரு கட்டம் தெரியும். கட்டத்துக்குள் இருப்பதுதான் படத்தில் விழும்.

“டீச்சர், கட்டத்துக்கு வெளியவும் எல்லாம் தெரியுதே. படத்துல வராதத எதுக்குக் காட்டணும்? என் பழைய கேமராவுல இந்த வம்பே கிடையாது.”

“மகன் கல்யாணம் வருதுல்ல? இதுலயே எடுத்துட்டு வாங்க, சொல்றேன். ஆமா, மக வருதா அண்ணே?”

சங்கிலிமுத்து கேமராவைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். மகள் தமயந்தி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து பேச்சில்லை. பேச ஆசைதான். வீம்பு விடவில்லை, பாவம்.

கல்யாணம் முடிந்து கேமராவும் பிலிம் சுருளுமாக ஓடி வந்தார்.

“டீச்சர், மொதல்ல இதக் கழுவுங்க. வரவேற்புல பொண்ணு மாப்பிள்ளையக் கட்டத்துக்குள்ள பொருத்திட்டு அமுக்கப் போறேன், கோட்டுக்கு வெளிய, பக்கவாசல்ல தமயந்தி! இடுப்புல புள்ள. உள்ள வரவா, போயிரவான்னு நிக்கிறா.”

“நீங்க?”

“ஓடிப் போயி கையப் புடிச்சு மேடையேத்திட்டேன். அப்புறந்தான் படம் எடுத்தேன். அந்தப் படத்தப் பெருசா போட்டு மாட்டணும்.”

ஜெசிந்தா கழுவினாள். பிலிம் முழுக்க ஒன்றுமே இல்லை. கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். லென்ஸில் மூடி அப்படியே இருந்தது.

“மூடியோடயா எடுத்தேன்? ஜன்னல்ல பளிச்சுன்னு தெரிஞ்சுச்சே!”

“ஜன்னல் தனி, லென்ஸ் தனி அண்ணே. மூடியிருந்தாலும் தெரியும்.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது.

“எம்மக வந்து நின்ன படம் போச்சே டீச்சர்.”

“இப்ப எங்க இருக்கு தமயந்தி?”

“வீட்டுலதான். பேரன் என் கண்ணாடிய ஒளிச்சு வச்சிட்டுத் தேடச் சொல்றான்.”

ஜெசிந்தா புதுச் சுருள் ஒன்றை மாட்டி, கேமராவை அவர் மடியில் வைத்தாள்.

“மூடி லென்ஸுக்குத்தானே அண்ணே இருந்துச்சு.”