மிக்கேலம்மாள் சொன்ன சொல்

டாக்டர் உமையாள் விழித்திரை நோய்களை ஆராய்பவர். அறுவை சிகிச்சையும் செய்பவர். அவரிடம் பயிலும் டாக்டர் பைசல் ஒரு முற்பகலில் அவருடைய அறைக்குள் வந்து, உட்காராமல் நின்றார்.

“மேடம், விழித்திரை ஒட்டிய பிறகும் கண் ஏன் பார்ப்பதில்லை?”

“யாருடைய கண்?”

“மிக்கேலம்மாளுடையது.”

மிக்கேலம்மாள் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவர். ஒரு கண்ணில் பார்வை முன்பே போய்விட்டது. மறு கண்ணில் விழித்திரை விலகியது. அதை ஒட்டவைத்தவர் பைசல். அவர் தனியாகச் செய்த முதல் அறுவை அது.

“உள்ளே பார்த்தீர்களா?”

“பார்த்தேன். சுருக்கமும் இல்லை, கிழிசலும் இல்லை. ஆனால் எழுத்துப் பலகையின் முதல் எழுத்தே அவருக்குத் தெரியவில்லை. பலகையைக் கிட்டே கொண்டுபோனேன். அப்போதும் அதே விடை. அவருக்கு இருப்பது அந்த ஒரு கண்தான், மேடம். என்ன சொல்வதென்று அறியாமல் எழுந்து வந்துவிட்டேன்.”

“அவர் சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்கள்.”

“‘தெரியாது சார்’ என்றார்.”

உமையாள் ஒரு தாளை எடுத்தார். பர்மாவில் பிறந்த தம் தந்தை கற்றுக்கொடுத்த பர்மிய எழுத்து ஒன்றைப் பெரிதாக எழுதி உயர்த்திக் காட்டினார்.

“இது என்ன எழுத்து?”

“தெரியாது மேடம்.”

“கிட்டே கொண்டுவரட்டுமா?”

“எதற்கு? வளையம் வளையமாக நன்றாகத் தெரிகிறது. என்ன எழுத்து என்றுதான்...”

பைசல் கதவை நோக்கித் திரும்பினார்.

“உங்களுக்கும் அறுவைக்கு நாள் குறிக்கலாமா?” என்றார் உமையாள்.

அதற்குள் பைசல் நடைவழியில் ஓடிக்கொண்டிருந்தார்.

மிக்கேலம்மாள் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தார்.

“அம்மா, அந்தப் பலகையில என்ன தெரியுது?”

“கறுப்பா, கொக்கி மாதிரி ஒண்ணு நிக்குது. அதுக்குக் கீழ பொடிசு பொடிசா நிறைய. அதுக்கெல்லாம் பேரு என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பள்ளிக்கூட வாசலை மிதிச்சவளா? ஆப்பரேசனுக்கு முந்தி விரலைக் காட்டிக் கேட்டீங்க, சொன்னேன். இப்ப எழுத்தைக் காட்டுதீங்க!”

“இதை அப்பவே சொல்லக் கூடாதாம்மா?”

“எங்க சொல்ல விட்டீங்க? மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிட்டீங்க. நல்லா பாக்குத கண்ணுல என்ன கோளாறைக் கண்டாரோன்னு பயந்துட்டேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க. வந்ததுலேருந்து பாக்கேன். டாக்டருட்ட எப்படிச் சொல்ல?”

பைசல் குனிந்து பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவர், நிறுத்த இயலாமல் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பொத்தானைச் சரிசெய்யாமலேயே உமையாளிடம் திரும்பினார்.

“மேடம், அவருக்குத் தெரிகிறது!”

“அது அவருக்குத் தெரியும்,” என்றார் உமையாள். “உங்களுக்குத்தான் தெரியவில்லை.”