சூரனுக்கு மார்புப்பட்டை

ரொம்பக் காலத்துக்கு முந்திப் பொன்னூத்து நாட்டை ஆண்ட மணிமார்பன் என்கிற ராஜா, கோயில் குளத்துச் சேற்றில் குப்புற விழுந்து கிடந்தார். தள்ளிவிட்டது எதிரி இல்லை. அவருடைய வேட்டை நாய் சூரன். கயிறு ராஜா மணிக்கட்டில் சுற்றிக் கிடக்க, மறுமுனையில் அது இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்துப்பட்டை இறுகி இருமல் வந்தது. இருமிக்கொண்டே இழுத்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். திருவிழா ஊர்வலத்தில் ராஜா தன் கையாலேயே நாயைப் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றி வரணும். கிளம்பிவிட்டால் நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் நாட்டுக்கு ஆகாதாம். யாரோ என்றைக்கோ சொன்னது. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் நாய் எந்தப் பக்கம் இழுத்தாலும் ராஜாவும் பின்னாடியே ஓடினார். அன்றைக்கு நடந்தது ஒத்திகைதான். ஊர்வலம் மூன்றாம் நாள்.

ராஜா சேற்றோடு சபைக்கு வந்து உட்கார்ந்தார். ஊர்வலத்தில் சூரன் தன்னை இன்னொரு தடவை இழுத்துத் தள்ளினால் அதைக் கொன்றுவிடணும் என்று உத்தரவு போட்டார். குட்டியிலிருந்து மடியில் வைத்துச் சோறு ஊட்டியவர் அவர். ஆனால் சபையில் சொன்னதை மாற்ற மாட்டார். அவ்வளவு வீம்பு.

ராஜாவின் வலப்பக்கம் நின்ற மெய்க்காவல் தலைவர் திண்ணப்பருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மல்யுத்தக்காரர், எருமைத் தோள். தன் பேச்சைவிட நாயின் குரைப்பைத்தான் ராஜா காது கொடுத்துக் கேட்கிறார் என்று அவருக்கு வெகுநாள் பொறாமை. நாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிற மனுஷனை என்ன சொல்ல? உள்பக்கம் இரும்பு முள் வைத்த பட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். இழுத்தால் குத்தும், குத்தினால் அடங்கும் என்றார்.

நைந்துபோன நாய்க்கயிற்றை மாற்ற வந்திருந்தாள் மாடத்தி. லாயத்தில் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிறவள். முள்ளைப் பார்த்ததும் அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"இதை மாட்டினா ஊர்வலம் வரைக்கும் நாய் இருக்காது மகாராசா. இப்பவே இருமுது."

"வார் தைக்கிறவளுக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் திண்ணப்பர்.

"இழுக்கிற உடம்பைத் தெரியும் ஐயா. நீங்களும் நல்லா இழுப்பீங்களாமே? நாட்டிலேயே உங்களை மாதிரி ஆள் இல்லைன்னு பேச்சு."

திண்ணப்பர் நெஞ்சை நிமிர்த்தினார். வேறென்ன செய்வார்? மாடத்தி தன் தோளில் கிடந்த குதிரை வாரை அவர் மார்பைச் சுற்றிக் கட்டினாள். முதுகுப்பக்கம் ஒரு வளையம், நெஞ்சுக்கு நேரே ஒரு வளையம். முதுகு வளையத்தில் கயிறு போட்டு இரண்டு காவலர்களிடம் கொடுத்து, திண்ணப்பரைப் பார்த்து இப்போது இழுங்கள் என்றாள். திண்ணப்பர் இரண்டு பேரையும் தரதரவென்று வாசல் வரை இழுத்துப் போனார். சபை கை தட்டியது. அவரும் சிரித்தார்.

"பார்த்தீங்களா மகாராசா? முதுகில் கட்டினா வண்டிமாடு மாதிரி இன்னும் ஜோராத்தான் இழுக்கும்."

அப்புறம் கயிற்றை நெஞ்சு வளையத்துக்கு மாற்றினாள். காவலர்களைப் போகச் சொல்லிவிட்டு அவளே பின்னால் நின்று பிடித்துக்கொண்டாள். திண்ணப்பர் முழுப் பலத்தோடு பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் அப்படியே திரும்பி மாடத்தி முகத்துக்கு நேராக நின்றார். மறுபடி பாய்ந்தார், மறுபடி திரும்பினார். மூன்றாவது தடவை கால் பின்னி உட்கார்ந்தே விட்டார். மாடத்தி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ராஜாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கடைசியா ஒரு தடவை கழுத்தில் போட்டுப் பார்ப்போம் ஐயா. முள் கூட வேண்டாம், வெறும் வார்தான்."

திண்ணப்பர் சட்டென்று இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டார். "விளையாடாதே. மூச்சு நின்றுவிடும்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே புரிந்தது.

ராஜா எழுந்தார். "ஊர்வலத்தில் மாடத்தி என் வலப்பக்கம் வரட்டும். திண்ணப்பரே, நீர் மேளத்துக்குப் பின்னால் வாரும்." அரண்மனையில் அதைவிடப் பெரிய மரியாதையும் கிடையாது, அதைவிடப் பெரிய அவமானமும் கிடையாது.

மாடத்தி நூல் வைத்துச் சூரனின் மார்பை அளந்தாள். முன்னங்கால் இடுக்கில் உரசாமல், உள்ளே மெத்தென்று துணி வைத்து, நெஞ்சுக்கு நேரே வளையத்தோடு ஒரு மார்புப்பட்டை தைத்தாள். மாட்டிவிட்டு வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழைத்துப் பார்த்தாள். அதைவிட இறுகினால் புண்ணாகும், தொளதொளத்தால் உருவிக்கொண்டு ஓடும். பட்டை பாதி வேலைதான் செய்யும் என்று ராஜாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள். நாய் இழுத்தால் ராஜா ஒரு அடிகூட நடக்கக் கூடாது. கயிறு தளர்ந்த பிறகுதான் நடக்கணும். ராஜா கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஊரே குளக்கரையில் கூடியது. பாதிச் சுற்று ஒழுங்காகப் போனது. படித்துறையில் ஒரு ஆட்டுக்குட்டியைப் பார்த்தது சூரன். பாய்ந்தது. நெஞ்சு வளையம் அதைத் திருப்பி ராஜாவைப் பார்க்க வைத்தது. ஆனால் அது விடவில்லை, பக்கவாட்டில் சாய்ந்து இழுத்தது. கயிறு விறைத்தது.

ராஜா நின்றார்.

முன்னால் போன குடைக்காரர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். பின்னால் வந்த மேளம் தாளம் தப்பி ஓய்ந்தது. கூட்டம் முணுமுணுத்தது. பெரிய குருக்கள் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். கிளம்பியவர் நிற்கக் கூடாது, காலம் காலமாக அப்படித்தான் என்று காதோடு கெஞ்சினார். திண்ணப்பரும் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்துவிட்டார். "நடங்கள் மகாராஜா. எல்லாரும் பார்க்கிறார்கள், நடங்கள்."

ராஜா சூரனையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு இன்னும் தளரவில்லை. அவர் நடக்கவில்லை.